எர்மிந்தா என்கிற படகு

மார்ச் மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வரைக்கும் எர்மிந்தா பாஸோ பெண்ணாகத்தான் இருந்தாள். பத்தேகாலுக்குத் தபால்காரர் வந்தார். அதன் பிறகு அவள் படகு.

கடிதம் மாகாணத்தின் மீன்வள அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. கலத்தின் பெயர்: எர்மிந்தா. நீளம்: ஒன்று புள்ளி ஐந்து நான்கு மீட்டர். வயது: ஐம்பத்தாறு. கட்டப் பயன்படுத்திய பொருள்: இதர. எஞ்சின்: இல்லை. துறைமுகம்: கரோஷா. அகலம் என்ற இடத்தில் ‘பின்னர் நேரில் அளக்கப்படும்’ என்று போட்டிருந்தது. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்ட எர்மிந்தாவால் அதை மட்டும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் நாலு வரி இருந்தது. நாற்பது வயதைத் தாண்டிய, எஞ்சின் இல்லாத கலங்கள் அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதியோடு ஐரோப்பியப் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நீக்கப்பட்ட கலம் அதன் பிறகு கடலிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. எடுத்தால் கலம் பறிமுதல் செய்யப்படும்.

எர்மிந்தா முப்பத்தோரு வருடமாகக் கடல் உள்வாங்குகிற நேரம் பார்த்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் பல் வைத்த வாரியுமாக கரோஷா மணலில் இறங்கி, முதுகு ஒடிய ஒடிய மட்டிச் சிப்பி வாரிக்கொண்டிருப்பவள். அவள் புருஷன் ஃபிர்மினோ கப்பலில் இடுப்பை உடைத்துக்கொண்டு வந்து ஒன்பது வருடமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் அடுப்பு எரிவது அந்த மட்டியினால்தான். படகு என்றாலோ அவளுக்கு ஆகவே ஆகாது. தேன்நிலவுக்குத் தீவுக்குப் போனபோது இருபது நிமிடப் பயணத்தில் மூன்று தடவை வாந்தி எடுத்தவள். இப்போது அவளே படகாகிவிட்டாள், யாரிடம் போய்ச் சொல்வது?

மீனவர் சங்கத்து ஆபீசுக்கு ஓடினாள். அங்கே ஏற்கெனவே இவளைப் போலவே கையில் கடிதத்தோடு பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கரோஷாவில் மட்டி வாருகிற பெண்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் அன்று காலை படகாகியிருந்தார்கள். அதில் எண்பத்தாறு பேர் நாற்பதைத் தாண்டிய படகுகள். மீதி இருபத்தாறு பேர் சும்மா வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

சங்கத்துச் செயலாளர் செல்சோ விஷயத்தை விளக்கினான். பிரஸ்ஸல்ஸிலிருந்து புது விதி ஒன்று வரப்போகிறதாம். கடலில் பிழைக்கிற எல்லாரும் பட்டியலில் இருக்க வேண்டும் என்கிறதாம். நல்ல விதிதான். ஆனால் நம் மாகாண அலுவலகத்தில் இருந்தது படகு எழுதுகிற படிவம் ஒன்றுதான். காலால் நடந்து போய் மட்டி எடுக்கிறவர்களை எழுத அதில் இடமே இல்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் நல்ல மனிதர், யாரையும் விட்டுவிடக் கூடாது என்று எல்லாரையும் படகில் சேர்த்துவிட்டார்.

“இப்ப என்னதான் செய்யறது?” என்று கேட்டாள் ஷெனெரோசா. இவள் எர்மிந்தாவுக்குப் பக்கத்தில் நின்று இருபது வருடமாக வாருகிறவள், வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

பதினோரு வாரம் இருக்கிறது என்றான் செல்சோ. மே மாதக் கடைசிக்குள் நம் சட்டமன்றம் ‘இது எங்கள் ஊருக்குப் பொருந்தாது’ என்று ஒரு வரி எழுதினால் போதும். பட்டியல் அப்படியே நின்றுவிடும். இதற்கென்றே சட்டமன்றத்தில் ஒரு குழு இருக்கிறது. அதன் பெயர் ஐரோப்பிய வேளாண், மீன்வள, கடல்சார் கொள்கைகளைக் கண்காணிக்கும் நிலைக்குழு. பெயரைச் சொல்லி முடித்ததும் செல்சோ ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.

சங்கம் மனு எழுதிப் போட்டது. மூன்றே வாரத்தில் பதில் வந்தது. மனுவைக் குழு மிகுந்த அக்கறையோடு பார்த்தது என்றும், மாதிரிக்கு ஒரு கலத்தை நேரில் பார்வையிட விரும்புகிறது என்றும், ஏப்ரல் பதினேழாம் தேதி பதினோரு மணிக்குக் கலத்தைச் சட்டமன்ற வளாகத்துக்குக் கொண்டுவரவும் என்றும், இழுவை வண்டி நிறுத்த இடவசதி உண்டு என்றும் அதில் எழுதியிருந்தது.

எந்தக் கலத்தை அனுப்புவது என்று சங்கத்தில் பெரிய சண்டை. கடைசியில் செல்சோ உட்கார்ந்து நூற்றுப் பன்னிரண்டு பேரின் நீளத்தையும் கூட்டி வகுத்தான். சராசரி ஒன்று புள்ளி ஐந்து நான்கு வந்தது. எர்மிந்தா மாட்டிக்கொண்டாள்.

இந்த இடத்தில் கரோஷாக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் பிடிகொடுத்துப் பேச மாட்டார்கள். மழை பெய்கிறதா என்று கேட்டால் குடை கொண்டுவரவில்லையா என்பார்கள். ஒரு மனுஷனை மாடிப்படியில் பார்த்தால் அவன் ஏறுகிறானா இறங்குகிறானா என்பதை அவன் பொண்டாட்டிகூட உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்று பட்டென்று பதில் சொல்வது அங்கே துணியில்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி. கோயிலில் பாதிரியார் எர்மிந்தாவிடம் இவரைக் கணவனாக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டபோது, வேண்டாமென்றால் இந்த மழையில் வந்திருப்பேனா என்றுதான் அவள் கேட்டாள். பாதிரியாரும் அந்தப் பக்கத்து ஆள்தான், அதையே சம்மதமாக எழுதிக்கொண்டார்.

அதனால்தான் ஷெனெரோசா பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தாள். “நல்லாக் கேட்டுக்கடி. நீ படகான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லு. ஒத்த வார்த்தை. வேற எதையும் வாயில வச்சுக்காதே. சொல்லுவியா?”

“சொல்லாம எதுக்குப் போறேன்?” என்றாள் எர்மிந்தா. ஷெனெரோசா அப்போதே நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

சட்டமன்ற வாசலில் சீருடைக் காவலர் பட்டியலைப் பார்த்தார். பதினோரு மணிக்கு ஒரு கலம் வரவேண்டியிருந்தது. கலம் எங்கே என்று கேட்டார். எங்கே இருக்க வேண்டும் என்று எர்மிந்தா கேட்டாள். இப்படியே நாலைந்து முறை போய்வந்த பிறகு, அவளேதான் கலம் என்பது அவருக்குப் புரிந்தது. அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. ஆட்கள்தான் முன்வாசல் வழியாகப் போகலாம், பொருட்கள் பின்வாசல் வழியாகப் போக வேண்டும் என்பது விதி. அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய், காய்கறி இறக்குகிற மேடை வழியாக ஏற்றி, கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட கறுப்புக் கோட்டின் மேல் ‘பார்வைக்கு மட்டும்’ என்று ஒரு சீட்டை ஒட்டி அனுப்பினார்.

குழுவில் ஏழு பேர். தலைவர் டான் லியோபோல்டோ. வெள்ளிமுடி, கோயில் மணி மாதிரி குரல். கூட்டம் தொடங்கியதும் இரண்டு ஊழியர்கள் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த வாரம் ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த காகிதமெல்லாம் அதில் ஆள் உயரத்துக்குக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. டான் லியோபோல்டோ மூக்குக்கண்ணாடியை மாட்டினார். மற்ற ஆறு பேரும் மாட்டினார்கள். ஏழு பேரும் அந்த வண்டியையே பார்த்தார்கள். நூறு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது கணக்காம். நாற்பத்தொரு நிமிடம் கழித்து எல்லாரும் கண்ணாடியைக் கழற்றினார்கள். வண்டி வெளியே போயிற்று. ‘குழு பார்த்தது’ என்று குறிப்பெழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

எர்மிந்தா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். டான் லியோபோல்டோ அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டு, பெருமையாகத் தொண்டையைக் கனைத்தார்.

“நண்பர்களே, இந்தக் குழு உருவாகிப் பதினோரு வருஷம் ஆச்சு. நாலாயிரத்து முன்னூத்திப் பன்னிரண்டு கொள்கைகள் நம்ம மேசைக்கு வந்திருக்கு. ஒண்ணுகூட நம்ம கண்ணுக்குத் தப்பினதில்ல. ஒண்ணைக்கூட நாம தொட்டதும் இல்ல. கண்ணாலே பாக்கறவன் கையாலே தொட ஆரம்பிச்சா அப்புறம் அவன் பாக்கறதுக்கு என்ன அர்த்தம்? வெளியே சில பேர் கேக்கறாங்க, ஆம், இல்லன்னு ஒரு பதில் எழுதினா என்னன்னு. எழுதாமலா இருக்கோம்? ஒவ்வொரு தடவையும் எழுதறோம். ‘எதிர்ப்பு உண்டா?’ன்னு கேட்ட கட்டத்துல ‘ஏன் கேட்கிறீர்கள்?’ன்னு எழுதி அனுப்பறோம். அங்கேருந்து இன்னிக்கு வரைக்கும் பதிலே இல்ல.”

மேசை தட்டினார்கள்.

பிறகு மீன்வள விஷயம் வந்தது. அதற்குப் பொறுப்பானவர் டோனா ரெமெடியோஸ். மலைப்பக்கத்துக்காரி. நாற்பது மாடு வைத்திருக்கிறவர், கடலைப் பார்த்ததே இரண்டு முறைதான். வேளாண்மைக்குப் பொறுப்பானவர் எலிசார்டோ. இருபத்திரண்டு வருடம் கப்பல் கேப்டனாக இருந்தவர். தெரிந்தவர்களிடம் தெரிந்த விஷயத்தைக் கொடுத்தால் ஒருதலைப்பட்சமாகப் போய்விடும் என்று குழுவின் விதி அப்படி. அதனால் கேப்டன் மாட்டைப் பற்றித்தான் வாய் திறக்கலாம்.

டோனா ரெமெடியோஸ் எழுந்து வந்து எர்மிந்தாவை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்பக்கம் நன்றாக இருக்கிறது என்றார். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டார். எர்மிந்தா எதை என்று கேட்டாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கேப்டன் எலிசார்டோவின் முகம் சிவந்துகொண்டே போயிற்று. பாவம், பார்த்த மாத்திரத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் கை விரல் முட்டியைப் பார்த்தாலே போதும், அவர் அம்மாவும் மட்டி வாரியவள்தான். ஆனால் விதியை மீற முடியாது. கையைத் தூக்கி, வேளாண்மை சம்பந்தமாக ஒரே ஒரு கேள்வி என்றார். “தலைவர் அவர்களே, இந்தக் கலம் ரெண்டு காலாலே நடக்கற மாதிரி தெரியுது. நடக்கறது எதுவா இருந்தாலும் அது கால்நடைப் பிரிவுக்கு வரணும் இல்லையா? அப்படின்னா நான் இதைப் பத்திப் பேசலாமே?”

டான் லியோபோல்டோ யோசித்தார். புல் தின்னுமா என்று கேட்டார். தின்னாது என்று யாரோ சொன்னார்கள். அப்படியானால் கடல்தான் என்று முடிவாயிற்று. கேப்டன் உட்கார்ந்தார். ஆனால் எர்மிந்தாவைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்து, இல்லையென்று சொல், இல்லையென்று சொல் என்று சொல்லிக்கொடுத்தார்.

அவளும் அதற்குத்தான் தயாராக இருந்தாள். வழியெல்லாம் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

“சரி, சுத்தி வளைக்க வேண்டாம்,” என்றார் டான் லியோபோல்டோ. “அம்மணி, நீங்க படகா?”

இல்லை என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஐம்பத்தாறு வருடப் பழக்கம் அதைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது.

“பாத்தா எப்படித் தெரியுது?” என்றாள் எர்மிந்தா.

கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அப்ப, படகு இல்லைன்னு சொல்றீங்களா?”

“நான் ஏன் அப்படிச் சொல்லப்போறேன்?”

“ஆக, படகுதான்னு வச்சுக்கலாமா?”

எர்மிந்தாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். “அது பாக்கறவங்களைப் பொறுத்தது,” என்று வந்தது.

டான் லியோபோல்டோ மலர்ந்து போனார். இவ்வளவு பண்பான படகை இந்தப் பதினோரு வருடத்தில் பார்த்ததில்லை என்றார். குறிப்பில் இப்படி ஏறியது: ‘கலம் நேரில் பார்வையிடப்பட்டது. மூன்று முறை கேட்கப்பட்டது. மூன்று முறையும் கலம் மறுக்கவில்லை. மறுக்காத கலம் ஒப்புக்கொண்ட கலமாகக் கொள்ளப்படும் என்று குழு ஒருமனதாகப் பதிவு செய்கிறது.’ எதிர்ப்பு உண்டா என்ற கட்டத்தில் வழக்கம்போல ‘ஏன் கேட்கிறீர்கள்?’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

கரோஷாவுக்குச் செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கியபோது ஷெனெரோசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கூட முப்பது பேர்.

“ஒத்த வார்த்தைடி,” என்றாள் ஷெனெரோசா. “எண்பத்தாறு குடும்பம் அந்த ஒத்த வார்த்தையில தொங்கிட்டிருந்துச்சு. ஏண்டி, உன் நாக்கு என்ன செத்தா போச்சு?”

“நீ போயிருந்தா சொல்லியிருப்பியா?” என்று கேட்டாள் எர்மிந்தா.

ஷெனெரோசா பதில் சொல்ல வாயெடுத்தாள். முப்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். “என்னை யாரு கூப்பிட்டாங்க?” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் எர்மிந்தா அன்று அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெட்கத்தினால் அழுதாள், பயத்தினாலும் அழுதாள். நவம்பரிலிருந்து சோறு எங்கேயிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மே மாதக் கடைசி வாரம் இன்னொரு வாய்ப்பு வந்தது. குழுவே களப்பார்வைக்கு கரோஷாவுக்கு வந்தது. தேதியைக் குறித்தவர் டோனா ரெமெடியோஸ். மாட்டுக்குப் பால் கறக்கிற நேரம் போக மீதி நேரம் பார்த்துக் குறித்தார், கடல் ஏறுகிற நேரம் இறங்குகிற நேரமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? மணல் முழுவதும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிற நேரத்தில் ஏழு பேரும் வந்து இறங்கினார்கள். தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரைப் பார்த்தார்கள். ‘கடல் உள்ளது. நிறைவாக உள்ளது’ என்று எழுதிக்கொண்டார்கள். பிறகு துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் மட்டி வரவழைத்துச் சாப்பிட்டார்கள்.

எர்மிந்தா தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றாள். இந்த முறை யாரும் கேட்பதற்குள் தானாகவே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். டான் லியோபோல்டோ தட்டிலிருந்து தலையைத் தூக்கி, “யாரும்மா?” என்று கேட்டார்.

“என்னைத் தெரியலையா?”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடி மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். “தெரியாம என்ன,” என்றார். “எலுமிச்சம்பழம் தீந்துபோச்சு பாருங்க.”

எர்மிந்தா உள்ளே போய் எலுமிச்சம்பழம் வெட்டிக்கொண்டு வந்து வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மேசைக் கோடியில் கேப்டன் எலிசார்டோ மட்டும் மட்டியைத் தொடாமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாளோடு பதினோரு வாரமும் முடிந்தது. விதி விதியாகிவிட்டது.

கோடை முழுவதும் படகு சம்பந்தப்பட்ட காகிதங்கள் வந்துகொண்டேயிருந்தன. பதிவு எண்ணை இரண்டு பக்கமும் தெரியும்படி வண்ணத்தில் எழுத வேண்டும் என்று ஒன்று வந்தது. எர்மிந்தா இரண்டு பூட்ஸிலும் எழுதிக்கொண்டாள். அடிப்பாகத்தில் பாசி பிடிக்காமல் ஆண்டுக்கொருமுறை சுரண்ட வேண்டும் என்று ஒன்று வந்தது. ஃபிர்மினோ அதைப் படித்துவிட்டு ஒன்பது வருடத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தான். எர்மிந்தா அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு நாள் பெண்கள் எல்லாரும் சங்கத்தில் கூடியிருந்தார்கள். செல்சோ கடைசிக் காகிதத்தைப் படித்தான். முப்பத்தொன்றாம் தேதி ஆய்வாளர் வருவார். நாற்பதைத் தாண்டிய கலத்தை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, இதுதான் அந்தக் கலம் என்று உறுதிப்படுத்தி, பட்டியலிலிருந்து அடிப்பார்.

“அன்னிக்கு எங்களைப் பாக்க முடியலைன்னா?” என்று பின்னாலிருந்து எர்மிந்தா கேட்டாள்.

செல்சோ அசுவாரசியமாகக் காகிதத்தைப் புரட்டினான். படகைப் பார்க்க முடியவில்லை என்றால் கடலில் இருப்பதாக எழுதிவிட்டுப் போய்விடுவார். கடலுக்குப் போயிருக்கிற படகைப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது, அது பழைய சட்டம். கரைக்குத் திரும்பி வரவேண்டும், இல்லாவிட்டால் உடைந்த பலகையாவது ஒதுங்க வேண்டும். அதுவரைக்கும் லைசென்ஸ் உயிரோடிருக்கும். ‘மரினெல்லா’ என்ற படகு முப்பது வருடத்துக்கு முன்னால் சொந்தக்காரனோடும் அடுத்தவன் பெண்டாட்டியோடும் போர்த்துகல் பக்கம் போனது. இன்றைக்கும் வருஷா வருஷம் அதற்கு லைசென்ஸ் புதுப்பித்து வருகிறது.

“அன்னிக்கு யாரும் மணலுக்குப் போகாம இருந்துட்டா?” என்றாள் ஷெனெரோசா.

“வீட்டுக்கு வருவார். துறைமுகத்துல நிக்கற படகுன்னு எழுதுவார்,” என்றான் செல்சோ. “ஆள் வந்து கேக்கும்போது நீங்க ஏதாவது எதிர்க்கேள்வி கேட்டீங்கன்னா அதுவும் போச்சு. மறுக்காதது ஒப்புக்கொண்டது மாதிரின்னு குழு எழுதி வச்சிருக்கு.”

எல்லாரும் எர்மிந்தாவைப் பார்த்தார்கள். எர்மிந்தா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் பழக ஆரம்பித்தாள். சூப் வேண்டுமா என்று ஃபிர்மினோவைக் கேட்கச் சொன்னாள். அவன் கேட்டான். “இ…” என்றாள். “இ… ஆறிப்போச்சா?” என்று முடித்தாள். இன்னொரு தடவை கேட்கச் சொன்னாள். நாலாம் நாள் தலைவலி வந்தது. ஆறாம் நாள் ஜன்னலைச் சாத்தவா என்று அவன் கேட்டபோது, “இல்ல,” என்று சொன்னாள். சொன்னதும் இருவரும் திடுக்கிட்டுப் போனார்கள். ஃபிர்மினோ, உனக்கு என்மேல் ஏதாவது கோபமா என்று கேட்டான்.

முப்பத்தொன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. ஆய்வாளர் எவரிஸ்தோ வந்தார். பக்கத்து ஊர்க்காரர். கறுப்பு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கால்சட்டையை முட்டி வரை சுருட்டிவிட்டு, சேற்றில் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். மணல் முழுவதும் பெண்கள் குனிந்து வாரிக்கொண்டிருந்தார்கள். முதலில் இருந்தவள் எர்மிந்தா.

“வணக்கம்மா. எர்மிந்தாங்கற படகு நீங்கதானே?”

எர்மிந்தா நிமிர்ந்தாள். இடுப்பு கடகடவென்றது. பக்கத்தில் ஷெனெரோசாவின் வாரி நின்றுவிட்டது. அதற்கப்பால் இருந்தவளின் வாரியும் நின்றது.

“இல்ல,” என்றாள் எர்மிந்தா.

எவரிஸ்தோ பேனாவைப் பிடித்தபடியே காத்திருந்தார். அதற்குப் பின்னால் ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்த்தார். எதுவும் வரவில்லை. அவருக்கு முப்பத்தெட்டு வயது, அந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். இப்படி ஒரு பதிலை அவர் காதால் கேட்டதே கிடையாது.

“பூட்ஸ்ல நம்பர் இருக்கே?”

“இரவல்,” என்றாள் எர்மிந்தா. அது பொய்தான். ஆனால் பொய் சொல்வது கரோஷாவில் அவ்வளவு கஷ்டமில்லை.

“நீங்க இந்த ஊருதானே?”

“இல்ல.” இரண்டாவது தடவை சுலபமாக வந்தது.

எவரிஸ்தோ தலையை ஆட்டிக்கொண்டார். அதுதானே பார்த்தேன் என்கிற மாதிரி இருந்தது அவர் முகம். அடுத்ததாக ஷெனெரோசாவிடம் போனார். ஷெனெரோசா படகா என்று கேட்டார். அவள் உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “இல்ல,” என்று கத்தியே விட்டாள். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அடுத்தவள் சொன்னாள். அதற்கடுத்தவள் அழுதுகொண்டே சொன்னாள். கரை நெடுக, ஒவ்வொருத்தியாக, எண்பத்தாறு பேரும் பிடிகொடுத்துப் பேசினார்கள்.

பதினொன்றரை மணிக்கு எவரிஸ்தோ கரையேறி ஷூவை மாட்டிக்கொண்டார். அவருக்குச் சந்தேகமே இல்லை. மணலில் இருப்பவர்கள் எங்கிருந்தோ கூலிக்கு வந்த வெளியூர்க்காரர்கள், பேச்சே காட்டிக்கொடுக்கிறது. கரோஷாவின் படகுகள் எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. எண்பத்தாறு பெயருக்கும் நேரே ‘கடலில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செல்சோ அந்தத் தாளின் நகலை வாங்கி மூன்று தடவை படித்தான். அன்று சங்கத்தில் திராட்சைச் சாராயம் ஒரு பாட்டில் திறந்தார்கள். ஷெனெரோசா எர்மிந்தாவைக் கட்டிக்கொண்டு, அடி பாவி, உன்னால் என் தொண்டையே கிழிந்துபோச்சு என்று சொல்லி அழுதாள்.

தாள் மேலே போயிற்று. மேலேயிருந்து அதற்கு மேலே போய், ஜனவரியில் தள்ளுவண்டியில் ஏறிக் குழுவின் முன்னால் வந்தது. கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டோனா ரெமெடியோஸ்தான் கவனித்தார். ஒரே நாளில் கடலுக்குப் போன எண்பத்தாறு படகு, மூன்று மாதமாக ஒன்றுகூடத் திரும்பவில்லை. மாடாக இருந்தால் சாயங்காலமே வந்திருக்கும் என்றார். டான் லியோபோல்டோ எழுந்து நின்றார். ஏழு பேரும் எழுந்து நின்று கடல் இருக்கிற திசையை ஒரு நிமிடம் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய துயரத்தைக் குழு சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார் அவர். அதனால் ஒரு கல்வெட்டு வைப்பது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

பிப்ரவரியில் கரோஷா துறைமுகச் சுவரில் அதைத் திறந்து வைத்தார்கள். ‘கடலுக்குச் சென்று திரும்பாத கலங்களுக்கு’ என்று மேலே பொறித்திருந்தது. கீழே பெயர்கள், நீளத்தோடு. முதல் பெயர் எர்மிந்தா, ஒன்று புள்ளி ஐந்து நான்கு. ஊரில் எல்லாரும் வந்திருந்தார்கள். பெண்கள் பூட்ஸும் வாளியுமாக நின்றார்கள், விழா முடிந்ததும் மணலுக்குப் போக வேண்டும். டான் லியோபோல்டோ இருபது நிமிடம் பேசினார். தன் கண் முன்னாலேயே நடந்தது என்றார். கேப்டன் எலிசார்டோ முன்வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தார். பாவம், கடல்காரர், மனசு தாங்கவில்லை என்று டோனா ரெமெடியோஸ் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

திரை விலக்கியான பிறகு டான் லியோபோல்டோ ஜனங்களுக்கு நடுவே வந்தார். எர்மிந்தாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

“அம்மா, இதுல உங்களுக்குத் தெரிஞ்ச படகு ஏதாவது உண்டா?”

எர்மிந்தா கல்லைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“ஏன்,” என்றாள், “நீங்க பாத்ததில்லையா?”

“நாங்க பாக்காததா!” என்றார் டான் லியோபோல்டோ.

அதற்குள் கடல் உள்வாங்க ஆரம்பித்திருந்தது. எர்மிந்தா கையை விடுவித்துக்கொண்டு வாளியை எடுத்தாள். மற்ற எண்பத்தைந்து பேரும் அவள் பின்னால் மணலில் இறங்கினார்கள்.